ஒண்ணும் ஆவாது

"ஒண்ணும் ஆவாது. எறங்கலாம்" என்று சொன்னது யார் என்று எழிலுக்குப் பிடிபடவில்லை.

அடி அண்ணாமலையைத் தாண்டி நாலு கிலோமீட்டரில், தார் ரோடு முடிந்து சீமைக் கருவேல முள் தொடங்கும் இடத்தில் ஐந்து பேரும் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஐப்பசி ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி. மலையின் மேல்பாதி மேகத்துக்குள் போயிருந்தது. மழை வரும்போலிருக்கிறதே, இன்றைக்குக் குவாரியில் இறங்குவதா, திரும்பிவிடுவதா என்று சுரேஷ்குமார் கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

எழில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சுரேஷ்குமார் கேள்வி கேட்டவன். ராஜமாணிக்கத்தின் வாயில் பாதி சமோசா இருந்தது. பூஜா தலைமுடி கட்டும் ரப்பரைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். தம்பி கலையரசன் அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், தொண்டைக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம்கூடக் கேட்டது. எழிலும் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் அந்தக் குரல் பக்கத்தில், காது மடலை ஒட்டி, ஈரமாக வந்தது. கூடவே ஒரு வாடை, நனைந்த கோணியை மூலையில் போட்டு ஒரு மாதம் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை.

மற்ற யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு முகங்களிலும் ஒரு இறுக்கம் தளர்ந்ததைத்தான் அவள் பார்த்தாள். முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற நிம்மதி. பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு முள்ளுக்குள் நடந்தார்கள்.

சுரேஷ்குமார் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன். இந்தக் கூட்டத்துக்கு அவன்தான் லீடர். ராஜமாணிக்கம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், தொந்தி அவனுக்கு முன்னால் போகும். பூஜா சென்னைப் பெண், ரமணாசிரமத்துக்குப் பின்னால் ரூம் எடுத்துக்கொண்டு லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள். கலையரசனையும் சேர்த்து நால்வருக்கும் ஒரே ஆரஞ்சு டீசர்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கம் ரோடு காபிக் கடையில் கூடி, கயிறும் கொக்கியுமாகப் பாறை தேடிக் கிளம்புவார்கள். மலையில் ஏற வனத்துறை விடாது. அதனால் பதினோரு வருஷமாக மூடிக் கிடக்கும் இந்தக் குவாரி.

எழில் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஸ்கேன் சென்டரில் வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. தம்பிக்காக வந்தாள். ஆனியில் பைக்கிலிருந்து விழுந்து கலையரசனுக்குத் தோள் பக்கக் காறை எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். கை தலைக்கு மேல் போகக்கூடாது, பாரம் தாங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடியோ எடுக்க மட்டும்தான் போகிறேன் என்று அவன் அம்மாவிடம் சத்தியம் செய்தான். அம்மா எல்லம்மாள் அவன் சத்தியத்தை நம்பவில்லை. "அவன் கயித்துல கை வெச்சான்னா, நீ எனக்குப் பொண்ணு இல்ல" என்று எழிலிடம் சொல்லி அனுப்பினாள்.

அந்த வீட்டில் கயிறு என்ற சொல்லுக்கு அப்படியொரு எடை இருந்தது. அவர்கள் அப்பா அப்பாசாமி இதே குவாரியில், கீழே இறங்குகிறவர்களுக்கு மேலே நின்று கயிறு பிடித்தவர்.

மற்ற மூவருக்கும் அது தெரியாது, தெரிந்தாலும் ஒன்றுமில்லை. கூழுக்கு வழியில்லாதவன் தொங்கிய பாறையில் இவர்கள் பொழுது போகத் தொங்குகிறார்கள். அவர்கள் போட்டிருக்கும் கையுறை ஒன்று அன்றைக்கு அப்பாவிடம் இருந்திருந்தால் உள்ளங்கையில் அந்தச் சீழ்க்கட்டிகள் வந்திருக்காது. எழிலுக்குப் பொறாமை இல்லை. அந்தக் கையுறைகளைப் பார்க்காமல் நடந்தாள், அவ்வளவுதான்.

பாதை ஏற ஏற இன்னொரு நாற்றம் கிளம்பியது. கோழிக்கடைக்காரர்கள் கழிவை மூட்டைகட்டி ராத்திரியில் இங்கேதான் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மூட்டைகள் மழையில் ஊதி வெடித்து, இறகும் குடலும் வெளுத்த கால்களுமாகப் பாறைச் சரிவில் வழிந்திருந்தன. அதன்மேல் அரிசி வேகிறதுபோல் புழு கொதித்தது. பூஜா துப்பட்டா இல்லாததால் டீசர்ட்டைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இந்த வாடைக்கே பாதி உயிர் போயிடும் போல. மீதி உயிர் கம்மியா இருக்கிறதால எறங்கறது ஈசி" என்றான் ராஜமாணிக்கம். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு தேவைக்கு மேல் நீளமாக இருந்தது.

விளிம்புக்கு வந்தார்கள். அறுபதடி கீழே தண்ணீர். தண்ணீர் என்று சொல்ல முடியாது. பச்சைப் பாசி தோல்போல மூடி, நடுவில் செத்த ஆடு ஒன்று வயிறு வீங்கிக் கால்களை வானத்துக்கு நீட்டி மிதந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. எத்தனை நூறோ தெரியாது. எதுவோ ஒன்று ஆரம்பிக்கும், உடனே அத்தனையும் சேர்ந்துகொள்ளும். திடீரென்று அத்தனையும் நிறுத்தும். ஆரம்பித்தது எது என்று எவ்வளவு உற்றுக் கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

எழில் சின்ன வயதில் இங்கே நின்றிருக்கிறாள். இதே விளிம்பில் அம்மாவோடு உட்கார்ந்து, லீவு நாட்களில் ஜல்லி உடைத்திருக்கிறாள். காலையில் ஆட்கள் இறங்கும் முன்னால் அப்பா கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவன் தன் வாயால், தனியாக, எறங்குறேன் என்று சொல்ல வேண்டும். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் சொன்னாலோ, கூட்டமாக எல்லாரும் வர்றோம் என்று கத்தினாலோ அப்பா கயிற்றைச் சுருட்டிவிடுவார். கடைசியாகக் கீழே இறங்குகிறவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து "அப்பாசாமி" என்று கூப்பிடுவார்கள். பிடிக்கிறேன் என்று அவர் பதில் சொல்வார். அதற்குப் பிறகுதான் முதல் கால் விளிம்பைத் தாண்டும்.

ஒரு நாள் பாறை பிளக்க வைத்த வேட்டில் ஒன்று வெடிக்கவில்லை. மறுநாள் வரைக்கும் யாரும் கிட்டே போகக்கூடாது. ஆனால் ஆறு பேர் இறங்கினார்கள். இரண்டு பேர் உயிரோடு வந்தார்கள், அவர்களிலும் ஒருவனுக்குத்தான் இரண்டு கால் இருந்தது. ஒண்ணும் ஆவாது, எறங்கலாம் என்று யாரோ சொன்னதாக இருவரும் சொன்னார்கள். நீ சொன்னாயா என்றால் இருவரும் இல்லை என்றார்கள். குரல் மேலேயிருந்து வந்தது என்றார்கள். மேலே கயிற்றோடு நின்றவர் அப்பா மட்டும்தான்.

மூன்று வருஷம் அப்பா நுரையீரலைத் துண்டு துண்டாகத் துப்பிக்கொண்டே செத்தார். கடைசி வரைக்கும் கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் ஒரே சொல். நான் சொல்லல.

பாறையில் அந்தக் காலத்தில் அடித்த இரும்பு முளைகள் இரண்டு இன்னும் நின்றன. சுரேஷ்குமார் குந்தி உட்கார்ந்து இரண்டையும் அசைத்துப் பார்த்தான். ஒன்று பல்போல ஆடியது, துரு பொரிபொரியாகக் கையில் வந்தது. அவன் அதை டவுசரில் துடைத்துக்கொண்டே, ஒரே முளையில் கட்டினால் ஜாஸ்தி ரிஸ்க், விட்டுவிடலாமா என்று பொதுவாகக் கேட்டான்.

இந்தத் தடவை எழில் தயாராக இருந்தாள். வாய்களைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவாது. எறங்கலாம்."

ஒரு வாயும் திறக்கவில்லை. நாலு பேரின் உதடுகளும் ஒட்டியிருந்தன. ஆனால் நாலு தொண்டைகளும் அசைந்தன. ஒரே நேரத்தில், மேலே ஏறி, இறங்கின. எச்சில் விழுங்குகிறவர்கள்போல.

சுரேஷ்குமார் நல்ல முளையில் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். கட்டும்போது ராஜமாணிக்கத்தைப் பார்த்தான், எல்லாம் உன் தைரியம் என்பதுபோல. ராஜமாணிக்கம் பூஜாவைப் பார்த்தான். பூஜா கலையரசனைப் பார்த்தாள். கலையரசன் போனைப் பையில் வைத்துவிட்டுக் கீழே கிடந்த நாலாவது ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான்.

"டேய், அதக் கீழ வை" என்றாள்.

"சும்மா போட்டுப் பாக்கறேங்க்கா."

அவன் கண்ணில் பயம் இருந்தது. அவளுக்கு அந்தக் கண் தெரியும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது இருந்த கண். அப்படியிருக்க ஏன் மாட்டுகிறான்? ஏன் இவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை?

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. கயிற்றின் நுனியை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், அவரவர் வாயால் எறங்குறேன் என்று சொன்னால்தான் கயிறு, இல்லாவிட்டால் விடமாட்டேன் என்றாள்.

"டீச்சர் அட்டென்டன்ஸ் எடுக்கறாங்கப்பா. ப்ரெசன்ட் சிஸ்டர்" என்று ராஜமாணிக்கம் கை தூக்கினான். யாரும் சிரிக்கவில்லை.

"ராஜமாணிக்கம்" என்று கூப்பிட்டாள். அப்பாவின் ராகத்திலேயே கூப்பிட்டதை அவளே கவனித்தாள்.

அவன் கை மெல்ல இறங்கியது. மற்றவர்களைத் திரும்பிப் பார்க்கப் போனான். என்னைப் பார்த்துச் சொல்லுங்க என்றாள். அவன் கன்னம் தொங்கியது. "வேணாங்க. எனக்கு போன வாரமே தல சுத்துச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றான்.

பூஜாவைக் கூப்பிட்டாள். பூஜா தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. வாயால் சொல்லு என்றதும் உடைந்து, "எனக்குப் புடிக்கவே இல்லக்கா. மொத வாரத்துலேர்ந்தே புடிக்கல" என்றாள்.

சுரேஷ்குமார் கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டே, முளை சரியில்லை, தனியாக வந்திருந்தால் அப்போதே திரும்பியிருப்பேன் என்றான். கலையரசன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"நான் எறங்கலக்கா."

அவ்வளவுதான். நாலு பேரில் ஒருவருக்குக்கூட இறங்க ஆசை இல்லை.  எழில் கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்தாள். சுரேஷ்குமார் கொக்கிகளைப் பையில் போட்டான். ராஜமாணிக்கத்துக்குப் பேச்சு திரும்பி வந்தது, செங்கம் ரோட்டில் எல்லோருக்கும் சூடாக போண்டா வாங்கித் தருவதாகவும், இந்த வாடை மூக்கைவிட்டுப் போக ஆளுக்கு நாலு வேண்டும் என்றும் சொன்னான். பூஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். தூறல் விழுந்தது. மணி ஐந்தாகியிருக்கும், வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறமாக மாறியிருந்தது. பாதையின் வாயில் ஐந்து பேரும் வரிசையில் நின்றார்கள், எழில் கடைசியில்.

தவளைகள் நிறுத்தின.

"ஒண்ணும் ஆவாது" என்றது அது. "எறங்கலாம்."

முன்னால் இருந்த நாலு முதுகுகளும் அப்படியே நின்றன. பிறகு திரும்பின. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி நடந்தார்கள், கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கப் போகிறவர்களின் அவசரத்தோடு. பைகளைத் திறந்தார்கள். கொக்கிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்.

எழில் கத்தினாள். இப்பத்தானே வேணாம்னு சொன்னீங்க என்று ஒவ்வொரு தோளாகப் பிடித்து உலுக்கினாள். சுரேஷ்குமார் அவள் கையை மரியாதையாக எடுத்துவிட்டான். எல்லாரும் சொல்றாங்களே என்றான். பூஜா அழுதுகொண்டே பட்டையை இடுப்பில் இறுக்கினாள். மூக்கிலிருந்து ஒழுகியதைத் துடைக்கவில்லை, அது உதட்டில் தேங்கி நின்றது.

சுரேஷ்குமார் விளிம்பில் மறைந்தான். கயிறு இறுகிப் பாறையில் உரசியது. முளை முனகியது. கயிறு தளர்ந்தது.

ராஜமாணிக்கம்.

பூஜா.

கீழே விழுகிற சத்தம் கேட்கவில்லை. கத்தலும் இல்லை. பாசி விலகி மூடும் சத்தம் மட்டும், சேற்றிலிருந்து காலை உருவுவதுபோல.

கலையரசன் கயிற்றில் கை வைத்தான். இடது கை தலைக்கு மேல் போனபோது தகட்டுக்கு மேல் தோல் கூடாரம்போலத் தூக்கிக்கொண்டது. வலியில் அவன் முகம் கோணியது. எழில் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அம்மாவைச் சொன்னாள். சத்தியத்தைச் சொன்னாள். அப்பாவைச் சொன்னாள்.

அவன் குனிந்து அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. புரியாமல் பார்த்தான்.

"நீதானக்கா சொன்ன."

"என்னடா?"

"மூணு வாட்டியும் நீதான சொன்ன. எறங்கலாம்னு."

"நான் சொல்லல" என்றாள்.

சொல்லிவிட்டு அந்தச் சொல்லைத் தன் காதாலேயே கேட்டாள். எட்டு வருஷத்துக்கு முன் இருமலுக்கு நடுவே, பாயில் படுத்துக்கொண்டு, அதே சொல்.

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். தனக்குத் தலைவாரிவிட்ட விரல்கள் என்பதால் மெதுவாகத்தான் பிரித்தான். பிறகு போனான்.

கயிறு இறுகியது. தகடு எலும்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டதாக அவளுக்குத் தோன்றியது. கயிறு தளர்ந்தது.

தூறல் நின்றிருந்தது. ஒரு தவளையும் கத்தவில்லை. கோழிக் கழிவின் நாற்றம் போய், அந்த இடத்தில் ஊறிய கோணி வாடை. நாக்கிலேயே இருந்தது. எச்சிலைத் துப்பினாள். வாடை போகவில்லை. மறுபடி துப்பினாள். அது எச்சிலிலிருந்துதான் வந்தது.

"கலை" என்று கூப்பிட்டாள்.

 தவழ்ந்து விளிம்புக்குப் போனாள். நாலு பேரும் கழுத்தளவு தண்ணீரில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டுகள் அந்த வெளிச்சத்தில் பூஞ்சைக் காளான்போலத் தெரிந்தன. செத்த ஆடு அவர்கள் நடுவில் மெல்லச் சுற்றியது. நாலு முகங்களும் அண்ணாந்து அவளைப் பார்த்தன. வாய்கள் மூடியிருந்தன. தாடைக்குக் கீழே தொண்டைகள் ஊதின. சுருங்கின. வெளுத்த பை போல ஊதின. கலையின் தொண்டையும். ஒரே நேரத்தில்.

அப்பா இறந்த நாளில்கூட நினைவுக்கு வராத ஒன்று இப்போது வந்தது. அந்த வேட்டு வெடிக்காத காலையில் அவள் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா ஆறு பேரையும் கூப்பிட்டார். ஆறு பேரும் தயங்கித் தயங்கி வேணாம் என்றார்கள். அதோடு விட்டுவிட்டார்கள். இறங்கத்தான் இல்லையே என்று கயிறு பிடிக்கிறவனை யாரும் கூப்பிடவில்லை. அவர் தன் வாயால் எதையும் சொல்லவில்லை, சொல்லாத அந்த வாயைத்தான் அது எடுத்துக்கொண்டது.

அவளையும் யாரும் கூப்பிடவில்லை.

கீழே தொண்டைகள் ஊதின. இந்த முறை சுருங்கியபோது சத்தம் வந்தது. நாலு பேரும் சேர்ந்து, ஒரே குரலில், அப்பாவை ஆட்கள் கூப்பிடும் அதே ராகத்தில்.

"எழில்."

அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். நாக்கை மடித்து அண்ணத்தில் அழுத்தினாள்.

"எழில்."

வேணாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் எது வெளியே வரும் என்று தெரியவில்லை.

திறக்கவில்லை. கைகளுக்குக் கீழே, தாடைக்கு அடியில், தோல் மெல்ல இளகியது. வழுவழுப்பாக ஏதோ எழும்பி அவள் மணிக்கட்டைத் தொட்டது. ஊதியது. இன்னும் ஊதியது.

வாய் மூடியேதான் இருந்தது. குவாரிக்குள்ளே பாறைக்குப் பாறை, அப்பா சொல்லும் அதே பதில் அவள் குரலில் எதிரொலித்துக்கொண்டிருந்தது.